கடப்புறக் கேள்வி–பதில்: ஆர்புரோத் புகைமீனும் பாறை விளக்கும்

கேள்வி: மருமகன் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலை பார்க்கிறார். பக்கத்தில் ஆர்புரோத் என்ற ஊரில் மீனை இரண்டிரண்டாகக் கட்டிப் புகை போட்டு விற்கிறார்களாம். அது நம்ம மாசி மாதிரிதானா? இங்கே வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: மாசி வேறு, இது வேறு. மாசியை அவித்து, புகை போட்டு, கல்லாக இறுகும்வரை காயவைக்கிறோம், மாதக்கணக்கில் இருக்கும். ஆர்புரோத் ‘ஸ்மோக்கி’ நெருப்புச் சூட்டிலேயே வெந்த மீன். ஈரம் உள்ளேயே நிற்கும், விரலால் தொட்டால் சதை இதழ் இதழாக முள்ளை விட்டு வரும். அதனால் கருவாடு போல நாள்பட வைக்க முடியாது.

அங்கே ஹாடக் என்ற மீனில்தான் செய்கிறார்கள். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன். நம் பக்கத்தில் 300–400 கிராம் விளமீன் எடுக்கலாம். சாளை, அயலை வேண்டாம்; எண்ணெய் சொட்டி நெருப்பு குபீரென்று எழும்பும். ஐஸ் போடாமல் கிடந்த மீன் எதுவானாலும் தொடாதீர்கள்.

தலையும் குடலும் நீக்கி, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ரத்தத்தை நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். அது நின்றால் கசக்கும். கல்லுப்பைப் பொடித்து உள்ளும் புறமும் தாராளமாகப் புரட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு நீரை இழுத்துச் சதையை இறுக்கும். இறுகாத மீன் பாதி வேக்காட்டில் வாலறுந்து நெருப்பில் விழும். பிறகு கழுவி, ஒரே அளவான இரண்டு மீன்களை வாலோடு வால் சேர்த்துச் சணல் கயிற்றால் முடிந்து, கம்பின் இருபுறமும் தொங்கவிட்டு, தோல் லேசாக ஒட்டும் பதம்வரை காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு ஏற்றினால் கரி திட்டுத்திட்டாகப் படியும்.

அடுப்புக்கு அங்கே பாதி மண்ணில் புதைத்த பீப்பாய், ஓக் அல்லது பீச் விறகு. இங்கே மாமர விறகு, பலா விறகு போதும். ரப்பர் மர அறுவைத்தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். பூச்சி விழாமலிருக்க மருந்தேற்றிய பலகையின் தூளாக இருக்கலாம். தணல் நன்றாகப் பிடித்ததும் கம்புகளை ஏற்றி, நனைத்த சணல் சாக்கால் மூடுங்கள். மொத்த வேலையின் சூட்சுமம் அந்தச் சாக்கில்தான். காய்ந்துபோனால் காற்று புகுந்து தீ எழும்பி, வெளியே கரிந்து முள்ளோரம் பச்சையாக நிற்கும். அதிகம் இறுக்கி மூடினால் தணல் அவிந்து, மீன் வெதுவெதுப்பில் கிடந்து கெடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்று பார்த்துக்கொண்டே இருங்கள். முக்கால் மணி நேரத்தில் தோல் செம்பு நிறமாகும். பருத்த மீன் ஒன்றை எடுத்துத் தலைப்பக்கம் பிளந்து பாருங்கள்: கண்ணாடி போலத் தெரிந்த சதை வெள்ளையாக மாறியிருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுச்சதையில் 70 டிகிரி காட்டட்டும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிடுங்கள். காற்றுப் புகாத பையில் கட்டி வெளியில் வைப்பது ஆபத்து.

கேள்வி: அந்த ஊர்க் கடலுக்குள் பாறைமேல் கலங்கரை விளக்கம் இருக்கிறதாமே?
– வாசகர், பூவாறு

பதில்: கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் பெல் ராக். வற்றத்தில் சில மணி நேரம் மட்டும் தலைகாட்டி, ஏற்றத்தில் முழுதாக மூழ்கும் பாறை. எத்தனையோ கப்பல்களை அது தின்றது. 1804-ல் ‘யார்க்’ என்ற போர்க்கப்பல் ஆளோடு காணாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நம்பினார்கள். அதன் பிறகே அரசு அசைந்தது. 1807-ல் தொடங்கிய வேலை. ராபர்ட் ஸ்டீவன்சன் களத்தில் நின்றார், ஜான் ரென்னி தலைமைப் பொறியாளர். 1811 பிப்ரவரி 1-ல் விளக்கு எரிந்தது.

கற்களை ஆர்புரோத் கரையிலேயே செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டிப் பார்த்து, எண் போட்டுப் படகில் ஏற்றினார்கள். தச்சன் மரத்தில் போடும் புறாவால் பொருத்துப் போல ஒவ்வொரு கல்லும் அண்டைக் கல்லைக் கவ்வியிருக்கும். அலை இழுத்தால் ஒரு கல்லை மட்டும் உருவ முடியாது. அடிப்பகுதி உள்ளே இடமே இல்லாத கெட்டிக் கல். சுமார் 35 மீட்டர் உயரக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1988 முதல் அங்கே ஆள் இல்லை.

கரையில் 1813-ல் கட்டிய சைகைக் கோபுரத்தில் விளக்குக் காவலர்களின் குடும்பங்கள் இருந்தன. காலையில் இரு பக்கமும் கம்பத்தில் பந்து ஏறினால் எல்லாரும் நலம். காவலருக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கால்சட்டையும், பெண் பிள்ளையானால் பாவாடையும் கம்பத்தில் ஏறும் என்பார்கள். கணவன் கடலுக்குப் போன வீடுகளுக்கு அந்தக் கம்பம் என்னவாக இருந்திருக்கும் என்று பூவாறுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: நான் செய்து ‘ஆர்புரோத் ஸ்மோக்கி’ என்று பெயர் போட்டு விற்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடாது. 2004 முதல் அந்தப் பெயருக்குப் புவிசார் காப்பு உண்டு; ஆர்புரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். நம் மட்டிப் பழத்துக்கு 2023-ல் கிடைத்த குறியீடு போல. செய்முறைக்குத் தடையில்லை, ‘புகைமீன்’ என்றே விற்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மீனின் பிறப்பிடம் ஆர்புரோத் அல்ல, வடக்கே 5 கிலோமீட்டரில் குன்றின்மேல் இருக்கும் ஆக்மிதி என்ற சிற்றூர். துணி நனையாமலிருக்க ஆண்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிட்டவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். 19-ஆம் நூற்றாண்டில் பல குடும்பங்கள் ஆர்புரோத் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின. புகைமீனும் கூடவே வந்தது.

கேள்வி: ஒரு நாள் பயணத்தில் என்ன பார்க்கலாம்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: டண்டீ–அபர்டீன் ரயில் அங்கே நிற்கும். முதலில் 1178-ல் எழுப்பிய செங்கல் நிற மணற்கல் மடாலயத்தின் இடிபாடு. ஸ்காட்லாந்து தனி நாடு என்று போப்பாண்டவருக்கு 1320-ல் லத்தீனில் எழுதிய கடிதம் இந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. அடுத்து, பின்னாளில் அருங்காட்சியகமாக மாறிய சைகைக் கோபுரம். மதியம் துறைமுகத் தெருக்களில் சுடச்சுட மீன். கடலை ஒட்டிய கால்பந்து மைதானத்தையும் எட்டிப் பாருங்கள். 1885-ல் இந்த ஊர் அணி 36–0 என்று வென்றது. நேரமிருந்தால் ஆக்மிதிப் பக்கமாகக் குன்றோரப் பாதையில் நடக்கலாம். வேனிலானாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை வேண்டும். கீழே குகைகளுக்கு இறங்குவதானால் ஏற்ற வற்ற நேரம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். தண்ணீர் ஏறினால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.