மிட்டிகேட்டா மிலிட்டேட்டா?

அக்கா, வணக்கம். சட்டம் மூணாவது வருஷம் படிக்கறேன். மூட் கோர்ட்டுக்கு, அதான் மாணவர்கள் வாதாடிப் பழகற மாதிரி நீதிமன்றத்துக்கு, இங்கிலீஷ்ல எழுதினதுல, குற்றவாளியோட சின்ன வயசு தூக்குத் தண்டனைக்கு எதிரா நிக்குதுங்கற அர்த்தத்துல "மிட்டிகேட்ஸ் அகெய்ன்ஸ்ட்"னு போட்டிருந்தேன். சீனியர் ஒருத்தர் அதை அடிச்சு "மிலிட்டேட்ஸ்"னு மாத்திட்டார், ஏன்னு கேட்டா "அது அப்படித்தான்"னுட்டார். என்னக்கா வித்தியாசம்?

தம்பி, அவர் மாத்தினது சரிதான், ஆனா காரணத்தையும் சொல்லியிருக்கணும், காரணம் தெரியாத திருத்தம் மனசுல ஒட்டவே ஒட்டாது.

லத்தீன்ல மீலெஸ்னா படைவீரன். மிலிட்டரி, மிலிஷியா, மிலிட்டன்ட் எல்லாம் அந்த வழிதான், மிலிட்டேட்டும் அதே வீட்டுப் பிள்ளை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல படையில சேவகம் பண்றது, சண்டை போடறதுன்னே இதுக்கு அர்த்தம் இருந்துச்சு, அப்புறம் ஆளுங்க விலகிட்டாங்க, சாட்சியம், சூழ்நிலை, வயசு இதெல்லாம் ஒரு முடிவை எதிர்த்து சண்டை போட ஆரம்பிச்சிருச்சு. நம்ம மல்லுக்கட்டறது மாதிரிதான், மல்லுன்னா மல்யுத்தம், ஆனா கணக்கோட மல்லுக்கட்டறேன்னு சொல்றப்ப யாருக்கு கோதா ஞாபகம் வருது? சண்டைன்னா எதிராளி வேணும்ல, அதுக்குத்தான் கூடவே அகெய்ன்ஸ்ட்.

மிட்டிகேட் வேற குடும்பம். அங்க வேர் மீட்டிஸ், அப்படின்னா மென்மையானது, பழுத்த பழத்தைக்கூட லத்தீன்ல மீட்டிஸ்னு சொல்லியிருக்காங்க. நம்மகிட்ட கனியும் கனிவும் ஒரே வேர்ச்சொல்லா இருக்கே, அதே மனசு அங்கயும் வேலை செஞ்சிருக்குன்னு பார்த்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். வலி, தண்டனை, சேதம்னு எதோட கடுமையையும் தணிக்கறதுதான் மிட்டிகேட், நேரா அதையே தணிக்குது, நடுவுல அகெய்ன்ஸ்ட்டுக்கு வேலையே இல்ல.

நீங்க குழம்பினதுக்கு நியாயமும் இருக்கு. 1980 பச்சன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பு படிச்சிருப்பீங்க, அரிதினும் அரிதான வழக்குலதான் தூக்குன்னு சொன்னதே அதுலதான், அங்க குற்றவாளியோட வயசு மிட்டிகேட்டிங் சூழ்நிலைகள்ல ஒண்ணா வருது. அதே வயசுதான் தூக்குக்கு எதிரா மிலிட்டேட் பண்ணுது. விஷயம் ஒண்ணு, வேலை ரெண்டு, அதனாலதான் கை தவறிருது, நல்லா எழுதறவங்களுக்கே தவறியிருக்கு.

இன்னொண்ணு, இப்பல்லாம் மிலிட்டேட்டுக்கு எழுவாயா ஆள் வர்றதில்ல. வக்கீல் மிலிட்டேட் பண்ணார்னு எழுதிராதீங்க, அவர் வச்ச காரணம்தான் மிலிட்டேட் பண்ணும்.