ஜெபித்து எழுந்ததும் அதே கவலை திரும்பி வருகிறதே, விசுவாசக் குறைவா?

பிள்ளையின் ஃபீஸ், வீட்டுக் கடன், அப்பாவின் உடல்நிலை என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்த பிறகும் மனம் பதறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே அப்போஸ்தலன் பவுல், சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாக 2 கொரிந்தியர் 11:28-இல் சொல்கிறார். கவலையோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

பெரும்பாலும் ஜெபம் பொத்தாம்பொதுவாக இருப்பதுதான் சிக்கல். ‘ஆண்டவரே, என் தேவைகளைச் சந்தியும்’ என்றால், எதை அவரிடம் ஒப்படைத்தோம் என்று நம் மனதுக்கே தெரியாது. படையெடுத்து வந்த அசீரியாவின் மிரட்டல் கடிதம் கைக்கு வந்ததும் யூதாவின் ராஜா எசேக்கியா அதை வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). நீங்களும் அந்த ஃபீஸ் நோட்டீஸை மேசைமேல் விரியுங்கள். மொத்தம் எவ்வளவு, கடைசித் தேதி எது, கையில் எவ்வளவு, துண்டு விழுவது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். ஏற்கெனவே கிடைத்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரிக்கவும் வேண்டும். பிலிப்பியர் 4:6 வேண்டுதலோடு அதையும் சேர்த்தே கேட்கிறது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எழுந்ததும் இன்றைக்குச் செய்ய முடிகிற ஒரே ஒரு வேலையைத் தாளில் எழுதுங்கள்: பள்ளி அலுவலகத்தில் தவணை கேட்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது. நாளைய கவலையை இன்றே சேர்க்க வேண்டாம்: வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அன்றாடம் கிடைத்த உணவான மன்னாவை மறுநாளுக்கென்று மீதிவைத்தபோது அது புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின தினம் இரட்டிப்பாகச் சேர்த்தது கெடவில்லை (யாத்திராகமம் 16). ஆகவே சீட்டு கட்டுவதும் சேமிப்பதும் அவிசுவாசம் ஆகாது.

வாக்குத்தத்த அட்டையில் (வேத வாக்குறுதி ஒன்று அச்சிட்ட அட்டை) வந்த வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் முன்பின் வசனங்களையும் வாசியுங்கள். தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11-ஐ இந்த மாதமே கடன் தீரும் என்று எடுத்துக்கொண்டவர்கள் பிறகு உடைந்துபோகிறார்கள். முந்தின வசனத்திலேயே பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அங்கே சிறைப்பட்டுப்போனவர்களுக்குச் சொல்லப்பட்டது.

களைத்துக் கிடக்கும் இரவில் நீண்ட ஜெபம் வேண்டாம். சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கப்புறம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் போதகரிடம் சொல்லுங்கள், டாக்டரையும் பாருங்கள்.