புதிய கத்தோலிக்கப் பங்கு ஆலயம் கட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: பங்குத்தந்தை சம்மதித்துவிட்டார். அடிக்கல் நாட்டலாமா?

பதில்: பொறுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1215-ஆம் சட்டத்தின்படி ஆயரின், அதாவது மறைமாவட்டத் தலைவரின், எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். தமக்கு ஆலோசனை சொல்லும் குருக்கள் பேரவையையும் அக்கம்பக்கத்து ஆலயப் பொறுப்பாளர்களையும் கேட்டுத்தான் அவர் தருவார். கட்டி முடிக்க மட்டுமல்ல, பிறகு வழிபாட்டை நடத்தவும் பணத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பார். மின்கட்டணத்தை யாரும் யோசிப்பதே இல்லை.

கேள்வி: குடும்பங்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதித் தொகையே மதிப்பீட்டை எட்டிவிட்டது. தொடங்கலாம்தானே?

பதில்: வாக்குறுதி பணமல்ல. வேலை போகும், குடும்பம் இடம் மாறும். கைக்கு வந்தது, தவணையில் ஒழுங்காக வருவது, பேச்சளவில் இருப்பது என நிதிக்குழு தனித்தனியாக எழுதட்டும். கையில் இருப்பதை நம்பி மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதமாவது ஒதுக்குங்கள். கூரை போடும்வரை பணம் இல்லையென்றால் தோண்டவே வேண்டாம். பாதியில் நின்ற தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மழையில் துருவேறும். அதைச் சுரண்டி, பலம் சோதித்து, மறுபடி தொடங்குவது தனிச் செலவு.

கேள்வி: மணிக்கூண்டுக்கென்று வந்த நன்கொடையைக் கூரைக்குத் திருப்பலாமா?

பதில்: கூடாது. சட்டம் 1267: எதற்குக் கொடுத்தார்களோ அதற்கே. கொடுத்தவரிடம் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: கோபுரத்தை முதலில் எழுப்பினால் காணிக்கை தானாக வரும். நீங்கள் கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசுகிறீர்கள்.

பதில்: இருந்துவிட்டுப் போகிறேன். கோபுரத்தின் எடை சிறு இடத்தில் இறங்குகிறது. ஆலயமும் அதுவும் ஒரே அளவில் மண்ணில் அமராது, இரண்டையும் ஒட்டிக் கட்டினால் சேரும் இடத்தில் விரிசல் விழும். தனி அஸ்திவாரம், நடுவே இடைவெளி என்று வரைபடத்திலேயே வைத்துவிட்டால் பிறகு நிதானமாகக் கட்டலாம்.

கேள்வி: ஆலயம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டாமா?

பதில்: தெரியட்டும். உள்ளே வாசகம் கேட்க வேண்டாமா? உயர்ந்த கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் பாட்டு இனிக்கும், பிரசங்கம் குழம்பும். கோபுரக் காசில் ஒரு பங்கை ஒலி வல்லுநருக்குக் கொடுங்கள், அதுவும் சுவர் எழும்பும் முன்.

கேள்வி: பலிபீடத்தைச் சுவரை ஒட்டி வைக்கலாமா?

பதில்: புதிய ஆலயத்தில் வேண்டாம். சுற்றி வர இடம் விட்டு வையுங்கள்.

கேள்வி: வங்கிக் கடன் வாங்கினால் வரி எப்படி?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆயர் வாயால் சரி என்றார். போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எழுத்தில்.

கேள்வி: மறுபடியும் கோபுரம் பற்றி...

பதில்: மண் பரிசோதனை அறிக்கையோடு வாருங்கள், பேசுவோம்.