எட்டாம் எண் எச்சரிக்கை: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

மீனவர்களுக்கான ஒரு பதிவு மென்பொருளை ஓகாமல் (OCaml) என்ற நிரல் மொழியில் எழுதிவருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, நாட்டுப்படகுகள் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த விதியை டைப்பிலேயே (ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் அறிவிப்பிலேயே) எழுதிவிட ஜி.ஏ.டி.டி.யைப் (GADT) பயன்படுத்தினேன். ஒரு டைப்பின் மதிப்பை உருவாக்கும் ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் தனக்கென ஒரு துல்லியமான டைப்பைத் தர அது வழிசெய்கிறது. இழுவைப்படகு என்ற கன்ஸ்ட்ரக்டர் 'விசை படகு' என்ற டைப்பைத் தரும். கட்டுமரம், ஃபைபர் இரண்டும் 'நாட்டு படகு' என்பதைத் தரும். தடைக்கால டோக்கன் தரும் ஃபங்ஷன் 'நாட்டு படகு' மட்டுமே வாங்குவதால், அதில் கட்டுமரத்துக்கும் ஃபைபருக்கும் இரண்டே வரிகள். எல்லாம் ஒரே கோப்பில் இருந்தவரை, நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. 'விசை', 'நாட்டு' ஆகிய டைப்களைத் தனி மாட்யூலாகப் (நிரலின் தனிப் பகுதியாக) பிரித்து, அதில் வெளியே தெரிய வேண்டியதை மட்டும் அறிவிக்கும் இன்டர்ஃபேஸ் கோப்பு எழுதியதும், இழுவைப்படகு விடுபட்டிருக்கிறது என்று எட்டாம் எண் எச்சரிக்கை (கையாளாத நிலை இருந்தால் வருவது) வருகிறது. கடைசியில், 'மற்ற எதுவானாலும்' என்று பொருள்படும் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு எக்ஸெப்ஷன் எறிய (ஓடும்போது பிழை எழுப்ப) சொல்கிறார் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர். வரவே முடியாத படகுக்கு ஏன் ஒரு வரி? கம்பைலர் தவறு செய்கிறதா?

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

கம்பைலர் தவறு செய்யவில்லை. உங்கள் இன்டர்ஃபேஸ் கோப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'விசை' என்றொரு டைப் உண்டு, 'நாட்டு' என்றொரு டைப் உண்டு என்று பெயர்களை மட்டும் அறிவித்திருப்பீர்கள். அவை இரண்டும் வேறு வேறு என்று அங்கே எங்கும் சொல்லப்படவில்லை. மாட்யூலின் உள்கோப்பில் 'விசை' என்பது 'நாட்டு' என்பதற்கு இன்னொரு பெயர்தான் என்று யாராவது எழுதினாலும் உங்கள் இன்டர்ஃபேஸ் அதை ஏற்றுக்கொள்ளும். அப்படி எழுதிவிட்டால், இழுவைப்படகும் 'நாட்டு படகு' ஆகி, தடைக்கால டோக்கன் ஃபங்ஷனுக்குள் முறையாகவே நுழைந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும் கம்பைலருக்கு இன்டர்ஃபேஸ் சொல்வதுதான் ஆதாரம், ஏனென்றால் உள்கோப்பை நாளை நீங்கள் மாற்றலாம். எல்லாம் ஒரே கோப்பில் இருந்தபோது இரண்டும் அங்கேயே புதிதாகப் பிறந்த டைப்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அப்போது பேசாமல் இருந்தது.

ஆகவே, விடுபட்டிருப்பது ஃபங்ஷனில் ஒரு வரியன்று, இன்டர்ஃபேஸில் ஒரு தகவல். அங்கே 'விசை' என்ற டைப்புக்கு விசைக்குறி என்ற ஒற்றைக் கன்ஸ்ட்ரக்டரையும், 'நாட்டு' என்ற டைப்புக்கு நாட்டுக்குறி என்ற ஒற்றைக் கன்ஸ்ட்ரக்டரையும் வெளிப்படையாகக் கொடுங்கள். அவற்றை நிரலில் எங்கும் நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை. இரண்டு டைப்களும் ஒன்றாக முடியாது என்பதற்கான சான்றாக மட்டும் அவை இருக்கும். கன்ஸ்ட்ரக்டர்களின் பெயர்கள் கட்டாயம் வேறுபட வேண்டும். இரண்டுக்கும் 'குறி' என்றே பெயர் வைத்தால் எச்சரிக்கை போகாது, ஏனென்றால் ஒரு டைப்பை அதே கன்ஸ்ட்ரக்டர்களோடு வேறு பெயரில் மறுபடி வெளியிட ஓகாமல் அனுமதிக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு அப்போதும் மிஞ்சும்.

இனி அந்த அண்டர்ஸ்கோர். அதைப் போடவே போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு நாட்டுப்படகுகளின் பட்டியலில் வள்ளத்தையும் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்டர்ஸ்கோர் இல்லாத நிரலில், படகு டைப்பில் அந்தக் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்த உடனே, அதைக் கையாளாத ஒவ்வொரு ஃபங்ஷனையும் கோப்பு, வரி எண் சகிதம் கம்பைலர் உங்கள் முன் வைத்துவிடும். அண்டர்ஸ்கோர் இருந்தால் வள்ளமும் அதற்குள் அடங்கிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. சட்டப்படி கடலுக்குப் போக உரிமையுள்ள ஒருவர், ஏப்ரல் மாதத்து விடியற்காலையில் துறைமுகத்தில் டோக்கன் கிடைக்காமல் நிற்கும்போதுதான் தவறு வெளியே வரும். விதியை டைப்பில் எழுத நீங்கள் எடுத்துக்கொண்ட உழைப்பு முழுவதையும் அந்த ஒரு வரி வீணாக்கிவிடும்.

உங்கள் மூத்தவரின் பழக்கம் காரணமில்லாமல் வந்திருக்காது. ஜி.ஏ.டி.டி. ஓகாமலுக்கு 2012இல், 4.00 பதிப்பில் வந்தது. ஹாஸ்கெல் என்ற இன்னொரு நிரல் மொழியின் ஜி.எச்.சி. கம்பைலரில் அதற்கும் சில ஆண்டுகள் முன்பே இருந்தது. ஆனால், 2016இல் வந்த 8.0 பதிப்புக்கு முந்தைய ஜி.எச்.சி.யில் எச்சரிக்கையைக் கணிக்கும் பகுதிக்கு டைப்களைப் பற்றிய அறிவு போதவில்லை. நீளத்தை டைப்பிலேயே சுமக்கும் இரண்டு பட்டியல்களின் உறுப்புகளை ஒன்றுக்கொன்று ஜோடி சேர்க்கும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நீளம் என்று டைப் சொல்வதால், ஒன்று காலியாகவும் மற்றது காலியல்லாததாகவும் இருக்கவே முடியாது. ஆனாலும் அந்த வரி விடுபட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வரும். சரி என்று அந்த வரியை எழுதினால், இப்படி ஒரு நிலை வரவே முடியாது என்று அதே கம்பைலர் பிழை காட்டும். அன்றைக்கு அண்டர்ஸ்கோரைத் தவிர வேறு வழி எளிதாக இல்லை. 2015இல் ஜார்ஜியோஸ் கராஹாலியாஸ், சைமன் பெய்டன் ஜோன்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வை அடியொற்றி 8.0இல் அந்தப் பகுதி புதிதாக எழுதப்பட்டது.

இதற்குப் பிறகும் கம்பைலர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜி.ஏ.டி.டி. இருக்கும் நிரலில் எல்லா நிலைகளும் கையாளப்பட்டுவிட்டனவா என்ற கேள்விக்கு, எப்போதும் சரியான விடை தரும் வழிமுறை இருக்க முடியாது என்பது நிறுவப்பட்ட ஒன்று. எனவே ஐயம் வரும் இடத்தில் ஓகாமல் எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறது. அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஆப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற டைப்) ஜோடி, ஜோடிக்குள் படகு என்று மதிப்பு பல அடுக்கு உள்ளே இருக்கும்போது தேவையற்ற எச்சரிக்கை வரக்கூடும். 2016இல் வந்த 4.03 பதிப்பு முதல் இதற்கு நேரான வழி இருக்கிறது. நடக்க முடியாத அந்த வடிவத்தை எழுதி, அம்புக்குறிக்குப் பின்னால் விடைக்குப் பதிலாக ஒரு புள்ளியை மட்டும் வையுங்கள். இது நடக்காது என்று நீங்கள் சொல்வதைக் கம்பைலர் சரிபார்க்கும். சரிபார்க்க முடியாவிட்டால் பிழை காட்டி நிறுத்திவிடும். நாளை வள்ளம் வந்து அந்த நிலை நடக்கக்கூடியதானால், அந்தப் புள்ளி வைத்த வரியே பிழையாகும். உங்கள் டோக்கன் ஃபங்ஷனுக்கு இது தேவைப்படாது. இன்டர்ஃபேஸைத் திருத்தினால் அந்த இரண்டு வரிகளே போதும்.

திருத்தியதும் எட்டாம் எண் எச்சரிக்கையை இந்த மென்பொருள் முழுவதற்கும் பிழையாக மாற்றிவிடுங்கள். நான்காம் எண் எச்சரிக்கை ஒன்றும் உண்டு, இயல்பாக அது அணைக்கப்பட்டிருக்கும். புதிய கன்ஸ்ட்ரக்டர் வந்தாலும் பேசாமல் விழுங்கிவிடக்கூடிய அண்டர்ஸ்கோர்களை அது காட்டிக்கொடுக்கும். நிரல் முழுவதற்கும் அதை இயக்கினால் எச்சரிக்கைகள் மிகுந்துவிடும் என்பதால், படகு டைப்பைத் தொடும் கோப்புகளுக்கு மட்டும் இயக்கி, மூத்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து