மூச்சை விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 54 வயது. முழங்கால் மூட்டில் தேய்மானம். ஓடுவதை நிறுத்திவிட்டு நீந்தச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நீச்சல் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. இருபது அடி போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறேன். மூட்டை உலுக்காத எளிய பயிற்சி என்றார்கள். எனக்கோ ஓடியதைவிடக் களைப்பாக இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா? நடைப்பயிற்சியே போதாதா? அரை மணி நேரம் நீந்தினால் எத்தனை கலோரி கரையும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கலோரிக் கணக்கை மூட்டை கட்டி வையுங்கள். இருபது அடி தாண்டாதவருக்கு அது எதற்கு? வயதைப் பற்றியும் என்னிடம் புலம்பாதீர்கள். நான் குளத்தில் இறங்கியபோது உங்களைவிட மூன்று வயது மூத்தவன்.

மூட்டை உலுக்காது என்றால் எளிது என்று யார் சொன்னது? இடுப்பளவு நீரில் நின்றாலே உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை நீர் ஏந்திக்கொள்கிறது. கழுத்தளவு நீரில் கால்கள் சுமப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. உங்கள் முழங்காலுக்கு அந்த நிம்மதி வேண்டும்தான். ஆனால் அதே நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. கையை வீசும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளியாக வேண்டும். நெஞ்சுக்கூட்டையும் அது அழுத்துவதால் மூச்சை இழுப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது.

இருந்தாலும் நீங்கள் இருபதாவது அடியில் நிற்பதற்குக் காரணம் வேறு. நீங்கள் மூச்சை அடக்குகிறீர்கள். பார்க்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன்.

என் பயிற்சியாளர் என் மகனைவிட இளையவர். முதல் வாரம் என்னை நீந்தவே விடவில்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்துக் குமிழி விடச் சொன்னார். பக்கத்தில் ஒரு சிறுமி என் குமிழிகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம். ஐம்பது வருடத்துக்கும் மேலாக மூச்சு விடுகிறேன், இதைப் போய் கற்றுத்தருகிறீர்களா என்று கேட்டேன். "கன்னம் உப்பியிருக்கிறது சார்" என்றார். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. நான் தலை தூக்கும்போதெல்லாம் கரையிலிருந்து தன் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான்.

மூச்சு முட்டும்போது காற்று தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளே தேங்கிய கரியமில வாயுதான் அப்படித் தவிக்க வைக்கிறது. அடக்கி வைத்தவர் தலையைத் தூக்கிய கண நேரத்துக்குள் பழையதை விட்டுப் புதியதை இழுக்கப் பார்க்கிறார், இரண்டும் அரைகுறை. தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகிறது. நீரின் எதிர்ப்பு கூடுகிறது, கால் பதறி உதைக்கிறது, மேலும் மூச்சு வாங்குகிறது. முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் முழுவதையும் விட்டுவிடுங்கள். பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள்; ஒரு காது நீரிலேயே கிடக்கட்டும். மூச்சை இழுக்கும் வேலை மட்டும்தான் பாக்கி.

நடையைக் கேட்டிருந்தீர்கள். வலிக்காத அளவுக்கு நடங்கள். எலும்பு உறுதிப்படச் சுமை வேண்டும், நீச்சலில் அது கிடைக்காது. தவளைபோல உதைத்து நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதில் முழங்காலை வெளிப்பக்கமாகச் சுழற்றி உதைக்க வேண்டும்.

அடுத்த வாரம் நீந்தாதீர்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுங்கள். யாராவது எண்ணினால் எண்ணட்டும்.

அன்புடன்.