‘வேர்ல்ட் மியூசிக்’ என்று தேடினால் கிடைக்காது

கேள்வி: கூத்து, நாதஸ்வரம், சினிமாப் பாட்டு, இவ்வளவும்தான் கேட்டு வளர்ந்தேன். மற்ற நாட்டுக்காரரின் பழைய இசையையும் இப்போதைய இசையையும் கேட்க விருப்பம். ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று தேடினால் மூன்று மணித்தியாலப் புல்லாங்குழலும் மழைச் சத்தமும்தான் வருகிறது. நல்லது என்று சொல்வதைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. சிலது சுருதி பிசகியது போலவும் இருக்கிறது. டேட்டாவும் தாங்காது. எங்கே தொடங்குவது?
ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பெயரைத் தேடுவதை விடுங்கள். 1987இல் லண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்த இறாக்கையில் அடுக்குவது என்று தெரியாத இசைக்கெல்லாம் பொதுவாக ஒட்டிய பெயர் அது. வாத்தியம், இனம், நாடு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘கோரா, மாண்டிங்கா, மாலி’ என்று ஒருமுறை, ‘எம்பிரா, ஷோனா, சிம்பாப்வே’ என்று ஒருமுறை. வருகிற வீடியோவின் கீழே வாசித்தவர் பெயரோ ஊரோ இல்லையென்றால் திறக்கவே வேண்டாம். நித்திரைக்குப் போடுகிற சத்தமெல்லாம் அந்த வகைதான்.

ஒருவரின் பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். எகிப்தின் பாடகி உம் குல்தூம் (1975இல் காலமானவர்) இதற்கு நல்ல உதாரணம். விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்துக்குப் போய், அரபு எழுத்தில் உள்ள பெயரைக் கொப்பி பண்ணி யூடியூப்பில் ஒட்டித் தேடுங்கள். அந்த நாட்டுக்காரரே ஏற்றிய பதிவுகள் அப்போதுதான் மேலே வரும்.

அலுப்புக்குக் காரணம், காதுக்குப் பிடிமானம் இல்லாத இடத்தில் தொடங்குவது. உங்களுக்குக் கூத்து தெரியும். கூத்தர் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவதும், மத்தளம் அதைத் தள்ளிக்கொண்டு போவதும் உங்களுக்குப் பழக்கம். அதே மாதிரி ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கும் இசை மேற்கு ஆபிரிக்காவில் நிறைய உண்டு. அங்கேயே தொடங்குங்கள். முதலில் மாலியின் அலி ஃபர்க்கா தூரே (1939–2006). நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊர். கித்தார் எவ்வளவு வாசித்தாலும் தன்னை விவசாயி என்றே சொன்னவர். அடுத்து, சகாராவின் துவாரெக் மக்களுடைய தினாரிவென் குழு. மின்கித்தார், கைதட்டு, நடுவில் பெண்கள் இடுகிற குரவை. பிறகு நைஜர் நாட்டின் எம்து மொக்தார். இப்போதைய ஆள், வேகமும் இரைச்சலும் கூட. இந்த மூன்று பேரையும் இதே வரிசையில் ஒரு மாதம் கேட்டால், பழையது புதியதாக மாறுகிற விதம் தானாகவே பிடிபடும். ஒரு கிழமைக்குள் பத்து நாட்டைச் சுற்றினால் ஒன்றும் மனதில் நிற்காது.

சுருதி பிசகு என்று எழுதியிருந்தீர்கள். இந்தோனேசியாவின் பாலித் தீவில் வெண்கல வாத்தியங்களைக் கூட்டாக அடித்து வாசிக்கிற கமெலானைக் கேட்டிருப்பீர்கள் போல. அங்கே ஒரே சுரத்துக்கு இரண்டு வாத்தியம் இருக்கும். ஒன்றைச் சற்றே ஏற்றியும் மற்றதைச் சற்றே இறக்கியும் வேண்டுமென்றே செய்வார்கள். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஒலி அலை அலையாக நடுங்கும். அந்த நடுக்கம் இல்லாவிட்டால் வாத்தியத்துக்கு உயிர் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

சிம்பாப்வேயின் எம்பிரா, உலோக நாக்குகளை விரலால் மீட்டுகிற வாத்தியம். அதில் ‘கிர்ர்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். போன் பழுது என்று நினைக்க வேண்டாம். சிப்பிகளோ போத்தல் மூடிகளோ பொருத்தி வரவழைக்கிற சத்தம் அது. தம்புராவின் ஜீவாவுக்கு நூல் வைப்பதும் இதே வேலைக்குத்தான். ஷோனா மக்கள் முன்னோரின் ஆவியை அழைக்க விடியவிடிய எம்பிரா வாசிப்பார்கள்; அடி மாறாமல் சுற்றிச் சுற்றி வருவது அதற்காகவே. உடுக்கடியில் உரு வந்து ஆடுவதைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்டெல்லா சிவேஷேயை முதலில் கேளுங்கள். பிறகு தோமஸ் மாப்ஃபுமோ: எம்பிராவின் சுற்றை அப்படியே மின்கித்தாருக்கு மாற்றியவர்.

இதில் எதையும் போனின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், மலிவான இயர்போன் என்றாலும் போடுங்கள். ஜாவாக் கமெலானில், சேமக்கலம் மாதிரியான பெரிய கொங்கு (gong) ஒரு சுற்று முடிகிற இடத்தில்தான் விழும். ‘லாட்ராங்’ என்ற வடிவத்தில் 32 அடிக்கு ஒருமுறை. நமக்குத் தாளத்தில் சமம் எப்படியோ அவர்களுக்கு அது. அந்த அடித்தொனியைச் சின்ன ஸ்பீக்கர் எழுப்பவே எழுப்பாது. கொங்கு கேட்காதவருக்கு மிச்சமெல்லாம் முடிவில்லாத கிலுகிலுப்பாகத்தான் இருக்கும்.

இனி டேட்டா. ஒலியை மட்டும் 96 கேபிபிஎஸ் தரத்தில் கேட்டால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 43 எம்பி; 320இல் 144 எம்பி. வீடியோ இதைவிடப் பல மடங்கு தின்னும். யூடியூப் என்றால் படத்தின் தரத்தை ‘144p’க்கு இறக்குங்கள். ஸ்பொட்டிஃபையில் பாட்டை இறக்கி வைக்கக் காசு கட்ட வேண்டும். அப்படி இறக்கினாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடுக்காவிட்டால் வேலை செய்யாது. இன்டர்நெட் ஆர்கைவில் பல பழைய பதிவுகளை எம்பி3 ஆக இலவசமாக எடுக்கலாம். வைஃபை கிடைக்கிற இடத்தில் இறக்கி மெமரி கார்டில் போட்டுவிட்டால், சிக்னல் இல்லாத வயற்கரையிலும் கேட்கலாம். ரேடியோ கார்டன் செயலி உலக வானொலிகளை நேரலையில் தரும், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். ஜாவா நமக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. நமக்குப் பின்னேரம் ஆறரை என்றால் அங்கே இரவு எட்டு. மாலியின் தலைநகர் பமாக்கோவின் இரவு எட்டு நமக்கு விடியப்புறம் ஒன்றரை. அதற்காக நித்திரை முழிக்க வேண்டாம், காலை பத்தரைக்குத் திறந்தால் அங்கே விடிகாலை ஐந்து மணி நிகழ்ச்சி கிடைக்கும்.

ஒன்றுக்கு மட்டும் கொஞ்ச டேட்டா ஒதுக்குங்கள். அமெரிக்காவில் 1948இல் தொடங்கி 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் போன ஃபோக்வேஸ் இசைத்தட்டுத் தொகுப்புகளின் இணையத்தளத்தில், இசைக்குக் காசு என்றாலும் அதோடு வருகிற விளக்கக் கையேட்டை பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். யார் பாடியது, எந்தச் சடங்குக்கு, பலவற்றில் பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். முதலில் கையேட்டை வாசித்து, அதில் உள்ள பெயர்களை யூடியூப்பில் தேடுங்கள்.

வீட்டில் தம்பி தங்கச்சிமாரும் பாவிக்கிற கணக்கில் கேட்டால், செயலி திரும்பத் திரும்பச் சினிமாப் பாட்டையே நீட்டும். இதற்கென்று வேறொரு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் திறந்து, ‘ஓட்டோபிளே’யை நிறுத்தி வையுங்கள்.