46-இல் வந்துகொண்டிருந்த சிபிஎஸ் எங்கே போயிற்று?

கேள்வி: அட்லாண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். கேபிள் கிடையாது, ஆன்டெனாதான். 46-ஆம் சேனலில் நான் பார்த்துவந்த சிபிஎஸ் தொடர்கள் ஒருநாள் திடீரென்று காணோம். ஆனால் அதே சேனலில் செய்தி வாசிப்பவர்கள் அப்படியே இருக்கிறார்கள். டிவியில் ஏதாவது கோளாறா? – வாசகி, அட்லாண்டா

பதில்: டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. 2025 ஆகஸ்ட் 16-ஆம் தேதியோடு 46-ஐ நடத்தும் நிலையமும், தொடர்களை அனுப்பும் சிபிஎஸ் நெட்வொர்க்கும் பிரிந்துவிட்டார்கள். உங்கள் தொடர்கள் இப்போது 69-இல் வருகின்றன. ரிமோட்டில் 69.1 போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் டிவி மெனுவுக்குள் போய் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்து தரும்படி மகனிடம் சொல்லுங்கள், அப்போதும் படம் உடைந்து உடைந்து வந்தால் ஆன்டெனாவை ஜன்னல் பக்கமாக நகர்த்திவைத்து இன்னொரு தடவை ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

நம் ஊரில் சன் டிவி என்றால் சென்னையிலும் கன்னியாகுமரியிலும் ஒன்றேதான். அமெரிக்காவில் ஆன்டெனாவில் வரும் சேனல் ஊருக்கு ஊர் தனி நிலையம், பல இடங்களில் முதலாளியும் வேறு. உள்ளூர்ச் செய்தி, வானிலை எல்லாம் அந்த நிலையம் தயாரிப்பது. இரவுத் தொடர்களும் பெரிய விளையாட்டுகளும் சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, ஃபாக்ஸ் போன்ற நெட்வொர்க்குகள் அனுப்புவது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு சில வருட ஒப்பந்தம். அது அறுந்தால் நிகழ்ச்சி ஒரு பக்கம் போகும், செய்தி வாசிப்பவர் ஒரு பக்கம் நிற்பார். அட்லாண்டாவில் 69 சிபிஎஸ்ஸுக்கே சொந்தமான நிலையம், அதனால் அங்கே போய்விட்டார்கள்.

உங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1980-இல் அங்கே 2-ஆம் சேனலும் 11-ஆம் சேனலும் ஏபிசியையும் என்பிசியையும் மாற்றிக்கொண்டன. சிபிஎஸ்ஸோ 1994 டிசம்பர் வரை 5-இல் இருந்தது, அப்புறம் 46, இப்போது 69.

கேள்வி: 1994-இல் ஒரே சமயத்தில் பல ஊர்களில் இப்படி நடந்ததாமே, ஏன்? – வாசகர், டெட்ராய்ட்

பதில்: எல்லாம் அமெரிக்கக் கால்பந்தால் வந்தது. பல பத்தாண்டுகளாக சிபிஎஸ் வைத்திருந்த, அந்த விளையாட்டின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை 1993 டிசம்பரில் ஃபாக்ஸ் நான்கு வருடத்துக்கு 158 கோடி டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. ஆட்டம் கைக்கு வந்தாலும் ஃபாக்ஸிடம் இருந்த நிலையங்களில் பெரும்பாலானவை யுஎச்எஃப் அலைவரிசையில், பெரிய எண்களில், சிக்னலும் பலவீனமாக இருந்தன. உடனே 1994 மே மாதம் பல ஊர்களில் நிலையங்கள் வைத்திருந்த நியூ வேர்ல்ட் நிறுவனத்தோடு பேசி, 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுத்தது. அதில் பெரும்பாலானவை சிபிஎஸ்ஸோடு இருந்தவை. உங்கள் ஊர் 2-ஆம் சேனலும் அதில் ஒன்று.

இதில் யாருக்கு அடி விழுந்தது என்று பாருங்கள். அட்லாண்டாவில் உள்ளூர் அணியான ஃபால்கன்ஸ் ஆட்டம் பார்ப்பவர் 5-லேயே தொடர்ந்து பார்க்கலாம், ஆட்டமும் நிலையமும் சேர்ந்தே ஃபாக்ஸுக்குப் போயிருந்தன. மத்தியானத் தொடர் பார்த்துக்கொண்டிருந்த வயதானவர்கள்தான் 46-ஐத் தேடி அலைந்தார்கள். இவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

டெட்ராய்ட் கதை இன்னும் மோசம். அங்கே சிபிஎஸ்ஸுக்கு நல்ல நிலையம் எதுவும் கிடைக்கவில்லை, 7-ஐ ஏபிசி கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது. கடைசியில் 62-ஐ விலைக்கு வாங்கியது. அந்த 62 சாதாரண நிலையம் இல்லை. 1975-இல் கறுப்பின மக்கள் தாங்களே உரிமையாளர்களாக இருந்து தொடங்கிய நிலையம், அமெரிக்கப் பெருநிலத்தில் அப்படி ஒன்று அதுதான் முதல். விற்பனைக்கு எதிர்ப்பும் எழுந்தது, நியாயமான எதிர்ப்பு. அப்படி வாங்கிய நிலையத்தில் உருப்படியான உள்ளூர்ச் செய்திப் பிரிவு இல்லாமலேயே பெரும்பாலான வருடங்கள் ஓடின, 2023 ஜனவரியில்தான் முழு அளவில் தொடங்கினார்கள். ஒரு சமூகத்தின் குரலும் போய், ஊருக்கு இன்னொரு செய்தி அறையும் கிடைக்காமல் ஏறத்தாழ 28 வருடம்!

கேள்வி: மயாமியில் 10-ஆம் சேனல் ஏபிசியை விட்டுவிட்டதே. புயல் நேரத்தில் அதைத்தான் நம்பியிருந்தோம். செய்தியும் நின்றுவிடுமா? – வாசகர், மயாமி

பதில்: நெட்வொர்க் போனதால் மட்டும் செய்தி நின்றுவிடாது. 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிரிவுக்குப் பிறகு 10 தன் செய்தி நேரத்தைக் கூட்டித்தான் இருக்கிறது. பிரிந்ததற்குக் காரணம் பணம். முன்பெல்லாம் தன் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதற்காக நெட்வொர்க் நிலையத்துக்குப் பணம் கொடுக்கும். 1992-இல் வந்த கேபிள் சட்டத்துக்குப் பிறகு கேபிள்காரர்களிடம் நிலையங்கள் கட்டணம் கேட்கலாம் என்று ஆனது, அந்த வருமானம் வளர வளர நெட்வொர்க்குகள் அதில் பங்கு கேட்டன. இன்று நிலையம்தான் நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறது, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தொகை ஏறுகிறது. ஒரு கட்டத்தில், அந்தப் பணத்தைச் செய்திக்கே செலவழிக்கலாமே என்று சிலர் முடிவெடுக்கிறார்கள்.

அது நடக்கக்கூடியதுதான், உங்கள் ஊரே சாட்சி. 1989 தொடக்கத்தில் என்பிசி 7-ஐ விட்டு 4-க்குப் போனபோது 7 கவிழ்ந்துவிடும் என்று பேசினார்கள். அது ஃபாக்ஸோடு சேர்ந்து, மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் செய்தியால் நிரப்பி நின்றுகாட்டியது. ஃப்ளோரிடாவிலேயே ஜாக்சன்வில்லில் 4-ஆம் சேனல் 2002-இல் சிபிஎஸ்ஸை விட்டது, இன்றும் தனியாகச் செய்தி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

ஏபிசி நிகழ்ச்சிகள் வேண்டுமென்றால், அதே 7-ஐ நடத்துகிறவர்கள் 18.1-இல் தருகிறார்கள். புயல் காலத்துக்கு முன்பே ஸ்கேன் செய்து 7, 10, 18.1 மூன்றும் தெளிவாக வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் சின்ன டிவி வைத்திருந்தால் அதிலும் தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.